பாய்லரில் இருந்த எண்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. மூணாறில் மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, காயாத சுடிதாரை மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டுவிட்டு, லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

எனக்குச் சொந்த ஊர் மீனாட்சிபுரம் பக்கம். வேலை கஞ்சிக்கோட்டில், ஒரு சின்ன கம்பெனியில். பாய்லர் தகடுகளின் கனத்தை அளப்பது என் தொழில். பாய்லர் தகடு உள்ளே துருப்பிடித்துத் துருப்பிடித்து மெலிந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் ரொம்ப மெலிந்துவிட்டால் ஆவியின் அழுத்தம் தாங்காமல் ஒருநாள் வெடித்துவிடும். கையடக்கமான ஒரு கருவியைத் தகட்டின் மேல் வைத்தால் அந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று காட்டும். அந்த எண்ணை அங்கேயே தகட்டின் மேல் சாக்பீஸால் எழுதுவேன். இப்படி அறுபது இடம். பிறகு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, எக்ஸெல் ஷீட்டில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது.

முன்பெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வேன். போன் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். அளக்கிற கருவி எண்களைச் சேமித்து வைக்கும் ரகம் இல்லை. அந்த ரகம் வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த முறை இரண்டு தேயிலை ஃபேக்டரிகள். செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று. இரண்டிலும் ஒரே மாதிரி பாய்லர், ஒரே அளவு, அதே சாம்பல் நிறம், அதே விறகுப்புகை நாற்றம். முதல் ஃபேக்டரியில் எல்லா இடமும் நன்றாக இருந்தது. இரண்டாவதில் வலது பக்கம் கீழே, சாம்பல் வாருகிற கதவுக்கு மேலே, ஒரு இடத்தில் கருவி 5.9 என்று காட்டியது. புதிதாக இருந்தபோது பத்து மில்லிமீட்டர் இருந்த தகடு அது. பக்கத்தில் நின்ற பாய்லர்காரரிடம், "இந்த எடம் மெலிஞ்சிருக்குதுங்க. ரிப்போர்ட்ல போட்டர்றனுங்க. அது வர்ற வரைக்கும் பத்த வெக்காதீங்க" என்று சொன்னேன். ஃபேக்டரிக்குப் பொறுப்பானவரை எஸ்டேட்டில் டீமேக்கர் என்பார்கள். அவர் அன்றைக்கு ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பேன்.

பாய்லர்காரருக்கு என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவருடைய அப்பாவும் அதே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசவில்லை. நான் எழுதிய எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி மேடம் என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே முதலாளி போன். இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். இரண்டு நாளாகக் கொழுந்து பறித்துக் குவித்திருக்கிறார்களாம், பாய்லர் எரியாவிட்டால் அத்தனையும் வீணாம். லாட்ஜில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வைஃபை என்று அறைக்கதவில் ஒட்டியிருந்தார்கள், அந்தக் காகிதத்தோடு சரி.

முதல் ரிப்போர்ட்டை முடித்தேன். இரண்டாவதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலையைச் செய்தேன். யார் வெறும் ஷீட்டிலிருந்து தொடங்குகிறார்கள்? முதல் ரிப்போர்ட்டைத் திறந்து, 'சேவ் ஆஸ்' போட்டு, மேலே ஃபேக்டரி பெயர், தேதி, பாய்லர் நம்பர் மூன்றையும் மாற்றினேன். கீழே இருக்கிற அறுபது எண்களை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் செய்தார். எங்கள் வீட்டில் மாடுகள் உண்டு. ஒரு பசு விடிகாலையில் கன்று ஈன்றிருக்கிறது. வீடியோ அனுப்பியிருக்கிறாராம், நான் பார்க்கவில்லையாம், அதில் அவருக்கு வருத்தம்.

பார்க்கலாம் என்றால் வீடியோ இறங்கவில்லை. போனில் இடம் இல்லை என்று வந்தது. என் போனில் இடம் எப்படி இருக்கும்? பாதி இடத்தைப் பசுக்களும் மீதியைப் பாய்லர்களும் பிடித்து வைத்திருந்தன. மாட்டுக்கு மடி வீங்கினால் எனக்கு ஒரு படம் வரும், வற்றினால் இன்னொன்று வரும். சரி, பாய்லர் படங்களை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு அழித்துவிடலாம் என்று கேபிளைச் செருகினேன். 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று உண்டாக்கி முதல் ஃபேக்டரிப் படங்களைப் போட்டேன். 'நியூ ஃபோல்டர் 2' என்று இன்னொன்று உண்டாக்கி இரண்டாவதைப் போட்டேன். அப்படித்தான் நினைத்தேன். பிறகு போனில் இருந்ததை எல்லாம் மொத்தமாக அழித்தேன். அப்போதும் இடம் கிடைக்கவில்லை. குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொன்னது. அதையும் செய்தேன். கன்றுக்குட்டி நன்றாகத்தான் இருந்தது. நெற்றியில் வெள்ளைச்சுட்டி.

அதற்குள் முதலாளி மறுபடி போன். மணி எட்டே முக்கால். ரிப்போர்ட் திறந்தே இருந்தது, மேலே இரண்டாவது ஃபேக்டரியின் பெயர், கீழே அறுபது எண்கள். எல்லாம் அடித்து முடித்துவிட்டோம் என்றே நினைத்தேன். கையெழுத்துப் படத்தை ஒட்டி, அனுப்பி, லேப்டாப்பை மூடி, போனைச் சைலண்டில் போட்டு, ஈரச் சுடிதாரைக் கவரில் சுருட்டிக்கொண்டு உடுமலை பஸ்ஸைப் பிடித்தேன்.

மறையூர் தாண்டியதும் மழை நின்றது, வெயில் வந்தது. சின்னாறு காட்டுக்குள் போனில் சிக்னல் கிடையாது என்பது அந்த வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது அன்றைக்கு வரமாக இருந்தது. முதலாளி தொல்லை இல்லை என்று ஜன்னலில் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் நான் தூங்கிய தூக்கங்களிலேயே வெட்கக்கேடான தூக்கம் அது.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி போனைப் பார்த்தால் பதினோரு மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர். எனக்குச் சுள்ளென்று கோபம்தான் வந்தது. யார் இது, கடன்காரனைத் துரத்துகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டேன். அந்தப் பாய்லர்காரர்தான் எடுத்தார்.

"மேடம், கீழ்த்தகடு மெலிஞ்சிருக்குன்னு நேத்து சொன்னீங்கள்லா? ரிப்போர்ட்ல அதக் காணோமே" என்றார்.

அவர் இப்படிக் கேட்டதும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? மெலிந்த தகடு முதல் ஃபேக்டரியில் இருந்தது, இந்த மனுஷர் குழப்பிக்கொள்கிறார் என்று. ரிப்போர்ட்டில் அவருடைய பாய்லர் நன்றாக இருக்கிறதே! காலையில் என் கண்ணாலேயே பார்த்தேனே! "ஏனுங்க, அது வேற ஃபேக்டரிங்க. ரிப்போர்ட் உங்க கையில இருக்குதில்ல? அதுல என்ன போட்டிருக்குதோ அதானுங்க சரி. சும்மா சும்மா கூப்பிட்டா எப்படிங்க?" என்று படபடவென்று பொரிந்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஆனால் விடவும் இல்லை. "சாக்பீஸ்ல அஞ்சு புள்ளி ஒம்பதுன்னு கிடக்கு மேடம். தாள்ல அதே எடத்துக்கு எட்டு புள்ளி ஆறுன்னு போட்டிருக்கு. ரெண்டும் நீங்க எழுதுனதுதான? எத நம்பட்டும்?"

பிறகு நடந்ததைச் சொன்னார். ரிப்போர்ட் காலையிலேயே வந்துவிட்டது. டீமேக்கர் பத்து மணிக்குப் பற்றவைக்கச் சொல்லியிருக்கிறார். இவர் முடியாது, அளக்க வந்த மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நின்றிருக்கிறார். மேடம் போனை எடுக்கவில்லை. வாட்டுகிற தொட்டிகளில் கொழுந்து சூடேறிக் கெட்டுக்கொண்டிருந்தது. டீமேக்கர் இவருக்கு மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு, லீவில் இருந்த இன்னொரு பாய்லர்காரரை, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பியிருக்கிறார். "அவரு வந்துட்டாரு மேடம். வெறகு அடுக்குறாக" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அறுபது எண்ணும் ஒன்று விடாமல் ஒரே எண். உலகத்தில் எந்த இரண்டு பாய்லரும் அப்படித் தேய்ந்தது கிடையாது. படத்தைப் பார்த்தாவது திருத்தலாம் என்று 'நியூ ஃபோல்டர் 2'ஐத் திறந்தேன். அதிலும் முதல் ஃபேக்டரிப் படங்கள். ஒரே படங்களை இரண்டு முறை ஏற்றி வைத்திருக்கிறேன். போனில் எதுவும் இல்லை, குப்பைத்தொட்டியிலும் இல்லை, அழுத்தித் துடைத்துவிட்டேனே! புதன்கிழமை முழுக்க நான் பார்த்த வேலை இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மிச்சமிருந்தது. அந்தப் பாய்லரின் மேல், சாக்பீஸில்.

முதலில் செய்ய வேண்டியது எது என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் முதலில் என் முதலாளிக்குத்தான் போன் செய்தேன். பழக்கதோஷம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தப்பு என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே, 'திருத்திய ரிப்போர்ட்' என்று ஒன்று சாயங்காலம் அனுப்பிக்கொள்ளலாம், கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்றார். சாயங்காலமாம்! அங்கே விறகு அடுக்குகிறார்கள் என்று கத்தினேன். பக்கத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா தோலோடு எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார். முதலாளி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

டீமேக்கருக்கு அடித்தால் எடுக்கவில்லை. மறுபடி பாய்லர்காரருக்கே அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டு டீமேக்கரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவர் நடக்கிற சத்தம், மழைச் சத்தம், யாரோ திட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டது.

"சார், பாய்லரப் பத்த வெக்காதீங்க. நான் அனுப்புன ரிப்போர்ட் தப்புங்க. அதுல இருக்கறது உங்க பாய்லரே இல்லீங்க. தப்பு என்னுது. உங்க ஆளு சொல்றதுதான் சரி" என்றேன்.

டீமேக்கர், மலையாளம் கலந்த தமிழில், "அப்போ அதுல இட்டிருக்கிற ஒப்பு ஆரோடது?" என்று கேட்டார். கையெழுத்து யாருடையது என்கிறார்.

"என்னுதுதானுங்க சார்."

அதற்கு மேல் அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. நியாயமான திட்டு. நானாக இருந்தால் இன்னும் இரண்டு சேர்த்துத் திட்டியிருப்பேன். ஆனால் நெருப்பு வைக்கவில்லை. குவிந்து கிடந்த கொழுந்தை லாரி பிடித்து வேறு ஃபேக்டரிக்கு அனுப்பினார்கள். மீனாட்சிபுரம் போக வேண்டியவள், அடுத்த மூணாறு பஸ்ஸில் ஏறி வந்த வழியே திரும்பினேன். பஸ்ஸில் இருக்கும்போது பாய்லர்காரர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தார். மறையூரில் சிக்னல் வந்ததும் வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, அதில் தேதி, ஃபேக்டரி பெயர், வலது பக்கம் கீழே மூன்றாவது வரிசை என்று பேனாவால் எழுதி, பிறகு படம் எடுத்திருக்கிறார். அறுபது படம், அறுபது துண்டுக் காகிதம். யாரும் அவரிடம் கேட்கவில்லை. மறுபடி யாராவது அழித்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்திருப்பார். அந்த 'யாராவது' நான்தான்.

மறுநாள் காலையில் ஃபேக்டரிக்குப் போனேன். பாய்லர் ஜில்லென்று கிடந்தது. மறுபடி அளந்தேன். 5.9 இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி 5.2 காட்டியது. புதன்கிழமை அந்த இடத்தில் நான் கருவியை வைக்கவே இல்லை. டீமேக்கர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் திட்டவில்லை. குனிந்து அந்த இடத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார், அவ்வளவுதான். பின்னால் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, தகட்டை வெட்டி மாற்றச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

பாய்லர்காரர் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"மூணு மணி நேரம் மேடம். கிறுக்கன் மாதிரி நின்னேன். எல்லாரும் தாளக் காட்டிக் காட்டிக் கேக்குறாக. நீங்க போன எடுத்தா தீந்துரும்னு நெனச்சேன். எடுத்துட்டு நீங்களும் அந்தத் தாளத்தான் சொன்னீங்க."

டீமேக்கரின் திட்டு அன்றைக்கே மறந்துபோயிற்று. இது இன்னும் மறக்கவில்லை. அவர் அப்படியே வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து, தப்பு முழுக்க என்னுடையது, அவருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி, இந்த முறை பேனாவால் கையெழுத்துப் போட்டு டீமேக்கரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்று ஒரு வாரம் கழித்து பாய்லர்காரர் ஒற்றை வரியில் மெசேஜ் அனுப்பினார். என் முதலாளி இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது.

இப்போது நான் திருந்திவிட்டேனா என்று கேட்டால், பாதி. எந்த ரிப்போர்ட்டையும் 'சேவ் ஆஸ்' போட்டுத் தொடங்குவதில்லை, வெறும் ஷீட்தான். படம் எடுக்கும்போது துண்டுக் காகிதம் வைக்கிறேன், அவர் வைத்த மாதிரியே. ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு இடத்தில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் போனில் அழிக்கிறேன். மற்றபடி என் லேப்டாப் இன்றைக்கும் சந்தைக்கடைதான். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் கிடக்கிறது, எது நிஜமான ஃபைனல் என்று எனக்கே தெரியாது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சின்ன விஷயத்துக்கு ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறாய் என்று ஆபீசில் கேட்கிறார்கள்.

சின்ன விஷயமா, பெரிய விஷயமா என்று நான் வாதாடுவதில்லை. அனுப்பு என்கிற பட்டனை அழுத்துவதற்கு முன்னால், எண்களை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். அன்றைக்கு அந்த மனுஷர் எதற்கு வம்பு என்று ஒரு தீக்குச்சியைக் கிழித்திருந்தால், அங்கே என்ன நடந்திருந்தாலும், என் லேப்டாப்பில் மட்டும் அந்தப் பாய்லர் நன்றாகவே இருந்திருக்கும்.